வைக்கோல் பிணம்

புலனாய்வுப் பயிற்சி அறையில் பிணத்துக்குப் பதிலாக வைக்கோல் திணித்த கோணிப் பொம்மை ஒன்று பாயில் கிடந்தது. தொட்டு உணர்ந்ததை மட்டும் எழுத வேண்டும், ஊகம் கூடாது என்று ஆய்வாளர் துரைக்கண்ணு சொல்லியிருந்தார். புதிதாக வந்த எட்டுப் பேரில் ஏழு பேர், உடல் குளிர்ந்திருந்தது என்று எழுதியிருந்தார்கள். தமயந்தி மட்டும், மார்பில் வெதுவெதுப்பு இருந்தது என்று எழுதியிருந்தாள்.

"வைக்கோல் எப்படிம்மா சுடும்?"

"தொட்டதைத்தான் ஐயா எழுதினேன்."

"மத்தவங்க அப்படி எழுதலையே?"

"அவங்க யாரும் தொடல ஐயா."

ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் அவளுடைய வரியைச் சிவப்பு மையால் அடித்தார். கற்பனை ஒரு வழக்கை எப்படிக் கெடுக்கும் என்று கால் மணி நேரம் பேசினார். பிறகு குனிந்து, பயிற்சி கொடுத்துவந்த ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகப் பொம்மையின் மார்பில் கை வைத்தார்.

"சில்லுனு கிடக்கு. நீயே பாரு."

தமயந்தியும் தொட்டாள். கையை உடனே எடுக்கவில்லை.

"ஆமா ஐயா. நான் எழுதினப்ப இப்படி இல்ல."

இறந்த நேரம் குறிக்கும் பல வருடப் பழக்கத்தில் துரைக்கண்ணு மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். பதினொன்று இருபது. ஏழு பேரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.