சாரையின் அணி

எலிகளின் கால்பந்து அணிக்குச் சாரைப்பாம்புதான் பயிற்சியாளர். சீசன் முழுக்கத் தோல்வி. ஆட்டத்துக்கு ஆட்டம் வீரர்களும் குறைந்துகொண்டே போனார்கள். கடைசி ஆட்டத்தில் கோல்கீப்பர் மட்டும் தனியாக நின்றான்.

"இன்னுமாடா அந்த ஆளை நம்புறே?" என்று பெருச்சாளி சிரித்தது.

"மத்தவங்களுக்கு ஓய்வு கொடுத்திருக்கார்ண்ணே. அடுத்த சீசன்ல பாருங்க," என்றது ரசிகனான மருதையன் என்ற சுண்டெலி. ஆனாலும் மனசு கேட்காமல் சாரையிடமே போய், "நம்ம பசங்க எங்க சார்?" என்று கேட்டது.

"உள்ளே பயிற்சி நடக்குது. காதை வச்சுக் கேளு," என்று சாரை தன் வயிற்றைக் காட்டியது.

மருதையன் காதை வைத்தது. பந்து உதைபடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பிறகு, காணாமல் போன கேப்டனின் குரல்: "மருதையா, பாஸ் கொடுடா!"

சுண்டெலிக்குக் கண் கலங்கிவிட்டது. "லெப்ட் விங்ல ஆள் இருக்கா சார்?"

"உனக்காகத்தான் காலியா வச்சிருக்கேன்," என்று சாரை வாயைத் திறந்தது.