டிரைவர் தந்த தைரியம்

கண்ணுக்குள் இருந்த பழைய அழற்சி அடங்கி மூன்று மாதம் ஆன பிறகுதான் கொத்தனாருக்குப் புரை ஆபரேஷன் தேதி கிடைத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்ததும் பயம் பிடித்துக்கொண்டது.

"கத்தி பட்டதும் பழைய வீக்கம் மறுபடி கிளம்பிட்டா? சுவரு கோணலா நேரான்னு தெரியாதவனுக்கு எவன் வேலை குடுப்பான்?"

பக்கத்துக் கட்டிலில் மங்கலாகத் தெரிந்த லாரி டிரைவர் சிரித்தார்.

"எனக்கும் அதே வீக்கம்தான் தம்பி. அது கிளம்பக் கூடாதுன்னுதான் முன்னாடியே சொட்டு மருந்து, மாத்திரை எல்லாம் குடுக்கறாங்க. அரை மணி நேர வேலை, வலியே தெரியாது. கல்யாண மாப்ள மாதிரி போய்ட்டு வா."

"உங்க பேச்சக் கேட்டாலே தெம்பா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் உள்ளே போனார்.

மறுநாள் காலை நர்ஸ் கண் கட்டைப் பிரித்தாள். சன்னல் கம்பி ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிந்தது. நன்றி சொல்லத் திரும்பியவர் திகைத்துப் போனார். டிரைவரின் கண்மணிகள் இரண்டும் பால் போல வெளுத்திருந்தன.

"அண்ணே, உங்களுக்கு இன்னும் ஆபரேஷனே ஆகலியா?"

"மூணு தடவ தேதி குடுத்தாங்க. மூணு தடவையும் பயந்து வீட்டுக்கு ஓடிட்டேன்" என்றார் டிரைவர். "நேத்து நீ சிரிச்சுப் பேசிக்கிட்டே திரும்பி வந்த சத்தம் கேட்டுச்சு பாரு, அப்புறந்தான் ஆபரேஷனுக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டேன்."