வெடிக்காத பீர்

“பாட்டில் வெடிக்கிறதுங்கறது அளக்கத் தெரியாதவனுக்கு வர்ற வியாதி. இந்த டுலூத் ஊர்ல யார் வீட்டுல வேணா வெடிக்கலாம். வென்டல் ஹாகன் வீட்டுல வெடிக்காது. இதை நீ கல்லுல செதுக்கியே வைக்கலாம்.”

சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் வென்டல் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

எதிரே மார்லிஸ் பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதினான்கு வருடமாக அவர் வீட்டிலேயே பீர் தயாரிக்கிறார். பதினான்கு வருடமாக ‘நீயும் வாயேன், சேர்ந்து பண்ணலாம்’ என்று மனைவியைக் கூப்பிடுகிறார். பதினான்கு வருடமாக அவள் பின்னிக்கொண்டிருக்கிறாள்.

“பக்கத்து வீட்டு கர்ட் என்ன பண்றான் தெரியுமா? காபிக்குப் போடற மாதிரி ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஸ்பூன்ல சர்க்கரை போடறான். அப்புறம் பயந்துக்கிட்டு, ஹாக்கி முகமூடி மாட்டிக்கிட்டுத் திறக்கறான்! நான் மொத்த பீருக்கும் ஒரே வாளியில, தராசுல நிறுத்து, நாலு அவுன்ஸ். அதைத் தின்னுதான் ஈஸ்ட் நுரையைக் கொடுக்குது. கூடிப்போச்சுன்னா பாட்டில் இல்ல, வெடிகுண்டு. அவன் படிக்கச் சொல்லி ஒரு புத்தகம் கொடுத்தானே, அது எங்க இருக்கு சொல்லு? இந்த மேசைக் காலுக்கு முட்டா இருக்கு.”

மேசை ஆடிக் காபி தளும்பியது. அந்தப் புத்தகம் முட்டுக் கொடுக்கக்கூட லாயக்கில்லை என்று நினைத்துக்கொண்டார்.

“போன வாரம் பாட்டில்ல அடைச்சது எப்ப ரெடியாகும்?” என்றாள் மார்லிஸ்.

வென்டலுக்குத் தன் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம் வந்தது. “நாளைக்கு! ஏன், குடிச்சுப் பாக்கறியா?”

“சும்மாதான் கேட்டேன். துணியை மெஷின்ல போட்டுட்டு வரேன்.” துண்டு போட்டு மூடிய கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள்.

அவர் விடாமல் படிக்கட்டைப் பார்த்தே பேசினார். “மார்லிஸ், இந்தத் தடவை போட்ட பார்லி இருக்கே...”

டமார்!

கண்ணாடி சிதறிச் சுவரில் மோதும் ஓசை. பிறகு எதுவுமே இல்லை.

“மார்லிஸ்?”

பதில் இல்லை. அவர் எழுந்து நிலவறைக் கதவுக்கு ஓடினார்.

“மார்லிஸ்!”

“கத்தாத. உயிரோடதான் இருக்கேன். வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி உக்காந்திருக்கேன்.”

“அங்கேயே இரு! தலையைத் தூக்காத!”

டமார்! இரண்டாவது.

பாட்டில் அலமாரி படிக்கட்டின் அடியில் இருந்தது. அதைக் கடக்காமல் அவள் மேலே வர முடியாது. சின்ன ஜன்னலோ நாலடிப் பனிக்குள் புதைந்து கிடந்தது. ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதையும் உசுப்பிவிடும். நாற்பத்தெட்டில் இரண்டு போயிற்று. மிச்சம் நாற்பத்தாறு.

“வீட்டுல வெடிக்காதுன்னு யாரோ சொன்னாங்களே?” கீழிருந்து குரல் வந்தது. கேலிதான். ஆனால் குரல் நடுங்கியது.

“பேசாம இருடி! வந்துட்டேன்!”

வாசல் பக்கம் ஓடினார். கொக்கியில் மகனின் பழைய ஹாக்கி முகமூடி தொங்கியது. ஒரு கணம்தான் யோசித்தார். மாட்டிக்கொண்டார். சோபாவின் மேல் கிடந்ததை வாரினார்.

“போர்வையை எடுத்துட்டு வரேன்!”

“எந்தப் போர்வை? நான் தைச்ச பூப்போட்டதையா? அதைத் தொட்ட, பாட்டில் அப்புறம், முதல்ல நான் வெடிப்பேன்!”

அதைப் போட்டுவிட்டுக் கம்பளிகள் இரண்டை அள்ளிக்கொண்டார்.

ஒவ்வொரு படியிலும் கண்ணாடித் துண்டுகள் நொறுங்கின. கடைசிப் படியில் நின்றபோது, அலமாரியில் ஏதோ ஒரு மூடி ‘ஸ்ஸ்’ என்று சீறுவது கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு கம்பளிகளை அலமாரி மேல் வீசிப் போர்த்தினார். “ஓடி வா!”

மார்லிஸ் கூடையை மார்போடு அணைத்தபடி குனிந்து ஓடி வந்தாள். இருவரும் படியில் ஏறும்போது, முதுகுக்குப் பின்னால் கம்பளி ஒருமுறை தூக்கிப்போட்டு அடங்கியது. மூன்றாவது.

கதவைச் சாத்தி அதில் சாய்ந்தபடியே வென்டல் தரையில் சரிந்தார். முகமூடிக்குள் அழுகிறாரா, மூச்சு வாங்குகிறாரா என்று தெரியவில்லை.

“ரெண்டு தடவை நிறுத்தேன். நாலு அவுன்ஸ்தான். இல்ல அஞ்சா? அன்னிக்குக் கண்ணாடி போட்டிருந்தேனா? உன்னைக் கொன்னிருப்பேனே மார்லிஸ்... வேணாம். வாளி, தராசு எல்லாத்தையும் கர்ட்கிட்டயே கொடுத்துடறேன். இனிமே இந்த வீட்டுல பீர் கிடையாது.”

மார்லிஸ் கூடையின் மேலிருந்த துண்டை விலக்கினாள். உள்ளே துணி இல்லை. இரண்டு கண்ணாடிக் கோப்பைகள், ஒரு பாட்டில் திறப்பான், மேசைக் காலுக்கு அடியில் இருக்கவேண்டிய கர்ட்டின் புத்தகம்.

“நீ சரியாத்தான் அளந்த, வென்டல். அன்னிக்கு நீ பனி தள்ள வெளிய போனப்ப, இந்தப் புத்தகத்துல போட்டிருந்த மாதிரி நாப்பத்தெட்டு காலி பாட்டில்லயும் ஒரு ஸ்பூன் சர்க்கரை நான்தான் போட்டு வெச்சேன். பதினாலு வருஷமாக் கூப்பிடறியே, ஒரு தடவையாவது கூடச் சேர்ந்து பண்ணலாம்னு...”

அடுத்த மாதம் வாளியில் சர்க்கரை விழவில்லை. வென்டல் முகமூடியோடு குனிந்து, வாயே திறக்காமல், பாட்டில் பாட்டிலாக ஒரு ஸ்பூன் போட்டுக்கொண்டே போக, மார்லிஸ் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தாள்.