டிரம்ஸ் இல்லாத பாட்டு

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பழைய டிரம்மர் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கம், முப்பது வருடம் அவருக்கு முன்னால் நின்று மைதானங்களை அதிரவைத்த ராக் பாடகர், இன்று ஒரு செல்லோவையும் அக்கார்டியனையும் மட்டும் பக்கவாத்தியமாக வைத்துக்கொண்டு, தூங்குகிறவரை எழுப்பிவிடாத குரலில் பாடுகிறார். ஜன்னல் வெயில் பாடகருடைய ரப்பர் செருப்பில் விழுகிறது. தாளம் போட இடம் வருமென்று டிரம்மரின் விரல்கள் தொடைமேல் காத்திருக்கின்றன, வரவே இல்லை. ஓரிடத்தில் குரல் உடைகிறது. பாடகர் அதை மறைக்காமல் உடைந்த இடத்திலிருந்தே மேலே ஏறுகிறார். டிரம்மருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, விரல்கள் அடங்கிவிடுகின்றன. பாட்டு முடிந்ததும் பாடகர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறார். “இதுல எனக்கு வேலையே இல்லையேடா,” என்கிறார் டிரம்மர். “கேக்கத்தான் கூப்பிட்டேன். நீ அடிச்ச அடியில என் பாட்டை என்னிக்குடா கேட்டிருக்க?” டிரம்மர் நாற்காலியைக் கண்ணாடிக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.