வாசல் மந்தாரை

"பெத்த பிள்ளையை யாராவது விலை பேசுவாங்களா?" என்று கேட்டார் ஸ்டூடியோக்காரர்.

"பிள்ளை இல்லீங்க, மரம்" என்றாள் அவர் மனைவி, பீங்கான் தட்டுகளைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டே. "நர்சரிக்காரர் வேரோட எடுத்துட்டுப் போய் வேற தோட்டத்துல நட்டுக்கிறேங்கிறார். நல்ல விலையும் சொல்றார். பேசாம கொடுத்துடலாம்."

வீட்டை விற்றாயிற்று. மாதக் கடைசியில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடிக்குக் குடிபோகிறார்கள். அங்கே மரத்துக்கு ஏது இடம்?

வாசற்படியை ஒட்டி நின்ற அந்த மந்தாரை அவர் கையால் வைத்தது. பூக்கிற காலத்தில் இலையே தெரியாது. தெருவில் பாதிப் பேருக்கு அதனடியில் நிறுத்தித்தான் குடும்பப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"வீட்டோட சேர்த்து மரத்தையும் கொடுத்துட்டேன். இனாமா. தெருவே அசந்துபோய் நிக்குது. இப்போ போய் விக்கிறதா?"

தெரு அசந்ததில் அவர் பங்கும் இருந்தது. பால் வாங்கப் போன இடத்திலும் முடிவெட்டப் போன இடத்திலும் அவரேதான் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"வாங்கினவங்களுக்கு மரம் வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சும்மா கொடுக்கிறதை யாராவது வேணாம்பாங்களா? அன்னைக்கு அவங்க குடும்பத்தை மரத்தடியில வச்சுப் படம் எடுத்தேனே, அந்தப் பையன் சிரிச்ச சிரிப்பை நீ பார்க்கலையா?"

"நீங்க சிரிங்கன்னீங்க. சிரிச்சார்."

"முகம் பார்க்கிறது என் பொழப்பு. அதை நீ எனக்குச் சொல்லித் தராதே."

அவள் அடுத்த தட்டை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். சரி, வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் வெளியூரில் ஒரு கல்யாணம். படமெடுக்கப் போனவர் இரண்டு நாள் கழித்துத் திரும்பினார். கேமராப் பையோடு கேட்டைத் திறந்தவருக்கு என்னவோ போலிருந்தது. வாசலில் வெளிச்சம் அதிகமாக இருந்தது.

மந்தாரை நின்ற இடத்தில் புது மண் கொட்டி மூடியிருந்தது. கிரேன் வந்துபோன சக்கரத்தடம்கூட இன்னும் காயவில்லை.

"எங்கே?"

"வித்துட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலையா?"

"கேட்டேனே. நீங்கதான் பிள்ளை, பெத்ததுன்னு பேசிட்டிருந்தீங்க."

"அப்படி என்ன பணத்தாசை உனக்கு?"

"லாரிக்கூலிக்கு ஆகும்ல" என்றாள் அவள் சாதாரணமாக. ரூபாயை அலமாரியில் வைத்திருப்பதாகச் சொன்னாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பக்கத்து வீட்டு டாக்டர் மதிலுக்கு மேலாகத் தலையை நீட்டினார். "என்ன சார், பிள்ளையைக் கட்டிக்கொடுத்து அனுப்பிட்டீங்க போலிருக்கு?"

அன்றிலிருந்து மனைவியோடு பேச்சு நின்றது. "சாப்பாடு வேணும்" என்று அலமாரியிடம் சொன்னார். அலமாரி சார்பில் அவள் பரிமாறினாள்.

மரம் போனது வலிக்கிறதா, மரத்தால் கிடைத்த பேர் போனது வலிக்கிறதா? சுவரிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுற்றும்போது தன்னையே கேட்டுப் பார்த்தார். வந்த பதில் பிடிக்கவில்லை. கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

சாவி வாங்க, வீட்டை வாங்கிய அந்தப் பையன் வந்தான். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாத மனுஷன் என்ன செய்வான்? மன்னிப்பாவது கேட்டுவிடலாம் என்று முன்னால் போனார்.

"தம்பி, அந்த மரத்து விஷயத்துல..."

அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை சார். அப்பாவுக்கு ரெண்டு காலும் வராது. அவர் சக்கர நாற்காலி ஏற வாசல்ல சரிவா ஒரு பாதை போட்டாகணும். அதுக்கு மரம் நின்ன அந்த இடத்தை விட்டா வேற வழியில்லை. நீங்க பிள்ளை மாதிரின்னு சொல்லிட்டீங்க. அதை வெட்டணும்னு எந்த வாயால சொல்றது? அப்பாவே, 'விடுடா, என்னைத் தூக்கிட்டே போய்க்கோ'ன்னுட்டார்."

ஸ்டூடியோக்காரருக்குப் படமெடுத்த நாள் ஞாபகம் வந்தது. அந்தப் பெரியவரைத் தூக்கிப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சக்கர நாற்காலி மரத்தை மறைக்கிறது, கேட்டுக்கு வெளியே தள்ளுங்கள் என்று சொன்னதே அவர்தான்.

"எங்களைப் பார்த்ததுமே நீங்களாப் புரிஞ்சுக்கிட்டு, வெட்டுப்படாம அது வேற இடத்துல பிழைக்கட்டும்னு ஏற்பாடு பண்ணியிருக்கீங்க. சார்தான் அனுப்பச் சொன்னார்னு இந்த அம்மா போன்ல சொன்னாங்க. அதுலேருந்து அப்பாவுக்கு உங்க பேச்சுத்தான். அங்கே துளிர் விட்டிருச்சாமே?"

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் சாவிக்கொத்திலிருந்து பீரோ சாவியைத் தனியே கழற்றிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அது நான் இல்லை. வந்து..."

"விடுங்க தம்பி" என்று சாவிக்கொத்தை அவனிடம் நீட்டினாள் அவள். "அவர் எப்பவும் இப்படித்தான். செய்யறதை வெளியே சொல்லிக்கவே மாட்டார்."