நான்காவது ஆணி

அட்டைப்பெட்டிக் கம்பெனிச் சுவரில் மூன்று தலைவர்கள் தொங்கினார்கள். பிரம்போடு பெரிய முதலாளி, நீட்டிய விரலோடு அவர் மகன், ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்ற சிரிப்போடு பேரன். பக்கத்தில் நான்காவது ஆணி காலியாக இருந்தது. அதில் தன் படம் தொங்க வேண்டும் என்பதுதான் மேனேஜரின் வாழ்நாள் ஆசை. அதற்குள் பேரன் முதலாளி, ‘காலத்துக்கேற்ற தலைமை’ என்று சொல்லி, மேனேஜரின் நாற்காலியில் கம்ப்யூட்டர் மேனேஜரை உட்கார வைத்துவிட்டார்.

விட்டுப்போன குடையை எடுக்கும் சாக்கில் வந்த பழைய மேனேஜரை, மெஷின் ஓட்டும் மீசைக்காரர் வளைத்துக்கொண்டார்.

“சார், நீங்க கத்துனப்ப பத்து மணிக்கு வந்தோம். இது திரையில எழுதிக் காட்டினா எட்டரைக்கே ஆஜர்!”

“என்கிட்ட இல்லாதது அதுகிட்ட என்னய்யா இருக்கு?”

“மனசு சார்! தினம் என் முட்டிவலியை விசாரிக்குது. நீங்க ஒரு நாளாவது கேட்டிருப்பீங்களா?”

“அப்ப அந்த ஆணி...?”

“அதுக்குத்தான் சார். அதுகிட்டயே போட்டோ கேட்டிருக்கோம். பதில் வரணும்.”

மேனேஜர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியேறினார். பின்பக்க மாடிப்படி ஏறி, பழைய சாமான் அறைக்குள் நுழைந்து, கதவைத் தாழிட்டு, கீபோர்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் மேனேஜரின் விலையைக் கேட்டு ஆடிப்போன முதலாளி, திரையை மட்டும்தான் வாங்கியிருந்தார்.

கீழே திரையில் எழுத்து ஓடியது: ‘எனக்கு முகம் கிடையாது. பழைய மேனேஜர் படத்தை மாட்டுங்கள். பாவம், நல்ல மனிதர்.’

மீசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாத்தீங்களாடா பெருந்தன்மையை! இதெல்லாம் அந்த ஆளுக்கு வருமா?” என்றபடியே படத்தை மாட்டினார்.