பேர் இல்லாத கமிட்

"ஏத்தா யுவராணி, இந்த நாப்பது கமிட்டுல மட்டும் செஞ்ச ஆளு பேரைக் காணோமே, எங்க?"

சின்னச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள் வேலையில் இப்படி ஓட்டை விழுந்து அவர் பார்த்ததே இல்லை.

சின்னமனூரில், வீட்டு மாடியிலேயே அவர் மென்பொருள் கம்பெனி நடத்துகிறார். வாழைக்காய் மண்டிகளுக்கு ஏல ஆப் செய்து கொடுக்கும் கம்பெனி. புரோகிராமில் யார் எதை மாற்றினாலும், மகள்தான் சரிபார்த்து, என்ன மாற்றம், செய்தவர் யார் என்று ஒரு வரி எழுதி உள்ளே சேர்ப்பாள். அந்தப் பதிவுதான் கமிட். டாக்குமென்ட் எழுதுவதும் அவள்தான். புதிதாக வருகிறவன்கூட அதைப் படித்தே வேலையைப் பிடித்துக்கொள்ளலாம். அதில் அப்பாவுக்குத் தலைகால் புரியாத பெருமை.

இன்றைக்குப் பார்த்தா மானம் போக வேண்டும்? ஆப் வாங்க வருகிற கொச்சிக் கம்பெனிக்காரர்கள் கம்பம் தாண்டிவிட்டார்களாம். இந்தப் பதிவுகளைப் பார்த்துத்தான் ஆர்டரே கொடுப்பார்களாம்.

"மகிழன், திரிஷா, அழகர்னு பாக்கி எல்லாருக்கும் ஒழுங்கா எழுதிருக்க. சுருளிராஜன் பேரு மட்டும் மூணு வாரமா ஒரு எடத்துலகூட இல்ல. பய சும்மா உக்காந்தா சம்பளம் வாங்குறான்?"

"ஐயோ, இல்லப்பா! அந்த நாப்பதும் அவுக செஞ்சதுதான்."

"எவுக? சுருளிராஜனா?"

யுவராணி தலையை மட்டும் ஆட்டினாள்.

"அதைச் சொல்றதுக்கு என்ன? சட்டுபுட்டுன்னு பேரை அடி. கொச்சிக்காரன் கேட்டா நான் 'அவுக'ன்னா சொல்லுவேன்?"

அவள் கீபோர்டில் விரலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"அடிக்க வரலப்பா."

சின்னச்சாமிக்குத் திக்கென்றது. நாலு வருடம் இன்ஜினியரிங் படித்த பிள்ளை, ஒரு பேரை அடிக்க வரவில்லை என்கிறாளே! இரண்டு பேருக்கும் ஏதோ சண்டை என்று முடிவு கட்டினார். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தா பாரு, ஒங்க சண்டைய எல்லாம் வெளிய வச்சுக்கங்க. அஞ்சு நிமிசத்துல பேரு ஏறணும். இல்ல, வேலையே பாக்கலன்னு இன்னிக்கே அந்தப் பய சீட்டைக் கிழிச்சிருவேன்."

"வேணாம்ப்பா! அவுகளை அனுப்பிராதீக!"

பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. சின்னச்சாமி பார்க்க, பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவள் அழுததே இல்லை.

"அப்ப அடிக்க வேண்டியதுதானே ஆத்தா? போன மாசம் வரைக்கும் அடிச்ச பேருதானே? திடீர்னு இப்ப என்ன வந்துச்சு?"

வாசலில் டம்ளர்கள் கடகடவென்று ஆடின. காபித் தட்டோடு மாடியேறி வந்த கஸ்தூரியம்மாள், மகளையே வெறித்துப் பார்த்தபடி நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏங்க, இன்னுமா ஒங்களுக்கு வெளங்கல?" அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "கல்யாணம் முடிஞ்ச இந்த இருவத்தெட்டு வருசத்துல, நான் ஒரு தடவையாச்சும் ஒங்க பேரைச் சொல்லிருக்கேனா?"